புள்ளிக்குப் பின் ஒன்பது சைபர்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, மேடம். முதுகைத் தாங்குகிறது, கையை வைக்க இடம் இருக்கிறது, உட்கார்ந்தால் கீச்சென்று சத்தம் போடுவதில்லை. இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தபோது, நம் ஆபீஸில் அப்படிப்பட்ட நாற்காலியே கிடையாது என்று பதில் வந்தது. விசாரணை அறையில் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் முன்னாலேயே எதையாவது செய்துவிட்டு வந்திருப்பேன்.

தலைமை ஆபீஸிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறீர்கள். ஊரில் பாதித் தெரு ஏன் தோண்டிக் கிடக்கிறது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதில் சின்னதுதான். ஆனால் அதை எடுத்த எடுப்பில் சொன்னால் உங்களுக்குத் தப்பாகப் படும். வரிசையாகச் சொன்னால், என் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நம் ஆபீஸின் வேலை, பூமிக்கு அடியில் இருப்பதைப் படமாக வைத்திருப்பது. எந்தத் தெருவுக்குக் கீழே எந்தக் குழாய் போகிறது, அதில் குடிக்கிற தண்ணீர் ஓடுகிறதா குடிக்கக் கூடாத தண்ணீர் ஓடுகிறதா என்பதெல்லாம் அந்தப் படங்களில் இருக்கும். தோண்டுகிறவர்கள் காலையில் வந்து தெருப் பெயரைச் சொல்வார்கள். இயந்திரம் படத்தை அச்சடித்துக் கொடுக்கும். அவர்கள் போய்த் தோண்டுவார்கள். படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஃபைல்களாக இருக்கின்றன. அந்த ஃபைல்களைக் காப்பவன் நான். ஃபைல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் என்னைப் போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது.

நமக்கென்று ஒரு பழக்கம் உண்டு. பழைய படத்தை அழிக்க மாட்டோம். எது பழையது, எது புதியது என்று ஃபைலின் பெயரிலும் எழுத மாட்டோம். ஒரு தெருவுக்கு நாலு படம் இருந்தால், எது கடைசியாகத் திருத்தப்பட்டதோ அதுதான் உண்மை. மற்ற மூன்றும் சரித்திரம். திருத்திய நேரத்தை கம்ப்யூட்டர் தானாகவே ஃபைலோடு எழுதி வைத்துக்கொள்கிறது. அதன் பேச்சுக்கு அப்பீல் கிடையாது.

நேரம் என்றதும் நீங்கள் மணி, நிமிஷம், நொடி என்றுதானே நினைக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான். படம் படமாகக் காட்டுகிற திரையில் நிமிஷத்தோடு சரி. என்னைப் போல் கறுப்புத் திரையில் கட்டளை தட்டித் தேடுகிறவர்களுக்குத்தான் மிச்சம் தெரியும். நொடிக்குப் பிறகு ஒரு புள்ளி, புள்ளிக்குப் பிறகு ஒன்பது எண். ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக நறுக்கினால் அதில் எத்தனையாவது துண்டு என்று சொல்கிற எண் அது. நான் அதை நொடித் தூள் என்று சொல்வேன். கண்ணுக்குத் தெரியாது, யாருக்கும் வேண்டாம், ஆனால் இருக்கும்.

ஃபைண்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ‘இந்த ஃபைலைவிடப் புதியது எது’ என்று அதைக் கேட்டால், தூள் வரைக்கும் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். புதியது இருந்தால் அதன் பெயரைச் சொல்லும். இல்லாவிட்டால், அல்லது இரண்டும் அச்சு அசலாக ஒரே நேரமாக இருந்தால், ஒன்றுமே சொல்லாது. சும்மா இருக்கும். நான் பழகியவர்களில் இவ்வளவு நாகரிகமானவர் வேறு யாரும் இல்லை.

இப்போது என் சம்பந்தி.

என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். இதே ஆபீஸ்தான், எனக்கு எதிர் அறை. இங்கே இருக்கிற அத்தனை கம்ப்யூட்டர்களின் கடிகாரமும் ஒன்றுபோல ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. கடிகாரக்காரர் என்பார்கள். ரொம்ப மரியாதைப்பட்டவர். நான் ஏறாமல் அவர் லிஃப்டில் ஏற மாட்டார். அவர் ஏறாமல் நானும் ஏற மாட்டேன். ஆகவே இரண்டு பேரும் மூன்று மாடியும் படியில்தான் ஏறுகிறோம். படியிலும் பக்கத்துப் பக்கத்தில்தான். இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது கிடையாது. பந்தியில் உட்கார்ந்தால் “முதல்ல சம்பந்திக்குப் போடுங்க” என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். மூன்று மாதம் ஆகியும் பெயர் வைக்கவில்லை. பெயரைச் சொல்கிற மரியாதையை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்ததுதான் காரணம்.

“சம்பந்தி சொல்லட்டும்,” என்பார் அவர்.

“சம்பந்தி இருக்கிற இடத்துல நான் வாயைத் திறக்கிறதா,” என்பேன் நான்.

நான் வாயைத் திறக்காமல் இருக்கும்போதே அவர், “அதுவும் நல்ல பேர்தான்,” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

என் மகன் கருத்து எதுவும் சொல்லவில்லை. கருத்துச் சொல்கிற பிள்ளையாக நான் அவனை வளர்க்கவில்லை. என் வீட்டுக்காரியும் சம்பந்தியம்மாளும், “கிழவனுங்க ரெண்டு பேரும் மோதி முடிச்சதும் சொல்லியனுப்புங்க,” என்று குழந்தையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடுவார்கள்.

மருமகள்தான் ஒரு நாள் எங்கள் இருவரையும் உட்கார வைத்தாள். அவள் பல் டாக்டர். அவள் எதிரில் உட்கார்ந்தால் தானாகவே வாய் திறந்துகொள்ளும்.

“அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேளுங்க. இப்படியே பாப்பா பாப்பான்னு கூப்பிட்டா, அது காலேஜ்ல போய் பாப்பான்னுதான் கையெழுத்துப் போடும். ஆளுக்கு ஒரு பேர். ஆளுக்கு ஒரு ஃபைல். நான் ஆரம்பிங்கன்னு சொன்னதும் சேமிக்கணும். யாரோடது முந்தியோ அதை மட்டும் திறப்பேன். அதுல என்ன இருக்கோ அதான் பேர். இன்னொண்ணைத் திறக்காமலே அழிச்சுடுவேன். என்ன பேர் தோத்துப்போச்சுன்னு யாருக்கும் தெரிய வேண்டாம், யாருக்கும் மனசு நோக வேண்டாம்.”

“சம்பந்திக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்,” என்றார் அவர்.

“எனக்குச் சம்பந்தி சொல்றதுதான்,” என்றேன் நான்.

“ஐயோ,” என்றாள் மருமகள்.

மகனும் மருமகளும் இருக்கிற வீட்டில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. வீட்டிலிருக்கிற எல்லாக் கம்ப்யூட்டர்களின் ஃபைல்களும் அதில் போய்ச் சேரும். கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து கொடுத்த பரிசு அது. ஆளுக்குப் பாதி என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் ஹாலில் என் ஆபீஸ் லாப்டாப்போடு உட்கார்ந்தேன். அவர் படுக்கையறையில் தன்னுடையதோடு உட்கார்ந்தார். பெயரை முன்கூட்டியே தட்டி, விரலைச் சேமிக்கும் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு அவர் தயாராக இருந்தார் என்பது கதவு இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. நானும் என் பங்குக்குத் தயாராகத்தான் இருந்தேன். மருமகள் நடுக்கதவில் நின்று, “ம், ஆரம்பிங்க,” என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரே ஒரு தட்டு தட்டினோம்.

பார்த்தால், ஒரே நிமிஷம். நொடியைக் காட்டச் சொன்னாள். ஒரே நொடி.

“அதெப்படி,” என்றாள்.

“புள்ளிக்கு அப்புறம் ஒன்பது எண் இருக்கும்மா,” என்றேன்.

“புள்ளிக்கு அப்புறம் ஒன்பதா? அது எதுக்கு மாமா மனுஷனுக்கு?”

“இதுக்குத்தான்.”

சம்பந்தி படுக்கையறையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கறுப்புத் திரையைத் திறந்து ஃபைண்டிடம் கேட்டேன்: சம்பந்தியின் ஃபைலைவிடப் புதியது எது? அது ஒரு பெயரைச் சொன்னது. என் ஃபைலின் பெயர். அதாவது என்னுடையது பிந்திப் பிறந்தது. அவருடையது முந்தி. ஒரு கொசு இறக்கையை ஒரு தரம் கீழே இறக்குகிற நேரம்தான் வித்தியாசம்.

எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் நியாயமாகத்தான் யோசித்தேன். என் லாப்டாப் பழசு. நான் உட்கார்ந்த ஹால், பெட்டியிலிருந்து தூரம். ஜன்னல் திறந்திருந்தது, காற்று எதிர்க்காற்று. இவையெல்லாம் இல்லாமல் இருந்தால் நான்தான் முந்தி. ஆகவே நான்தான் முந்தி. எழுதியிருப்பதில்தான் ஒரு பிழை இருந்தது. பிழை திருத்துவது என் தொழில்.

“பெட்டி சூடாயிருக்கு. கொஞ்சம் ஆறட்டும். சாப்பிட்டுட்டு நிதானமாப் பார்ப்போம்,” என்றேன்.

டச் என்று இன்னொரு கட்டளை உண்டு. ஃபைலைத் தொட்டால் அதன் நேரம் மாறும். எந்த நேரம் வேண்டும் என்று சொன்னால் அந்த நேரமாகவே மாறும். எல்லோரும் கை கழுவப் போனபோது நான் தொட்டேன். வேறொருவனாக இருந்தால் பத்து நிமிஷம் முந்தி வைத்திருப்பான். நான் அந்த நொடியை விட்டு வெளியே காலை வைக்கவில்லை. அதே நாள், அதே மணி, அதே நிமிஷம், அதே நொடி. தூளை மட்டும் தட்டவில்லை. தட்டாவிட்டால் கம்ப்யூட்டர் அங்கே சைபர் போட்டுக்கொள்ளும். நொடியின் முதல் வாசலில் என் ஃபைல் போய் நின்றது. அதற்கு முன்னால் யாரும் நிற்க முடியாது.

சாப்பிட்டுவிட்டு வந்து சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“சம்பந்தி,” என்றார், “உங்க ஃபைல் ரொம்பச் சுத்தமா இருக்கு.”

“நாங்க எப்பவும் சுத்தம்தான்.”

“புள்ளிக்கு அப்புறம் ஒன்பதும் சைபர். நான் காலமெல்லாம் கடிகாரம் பார்க்கிறவன். பொறந்தபடி இருக்கிற நேரம் கரடுமுரடா இருக்கும். இது மொட்டையடிச்சுச் சந்தனம் தடவின மாதிரி இருக்கே.”

இதுதான் நான் செய்த ஒரே தவறு என்று நினைக்கிறேன். ஒன்பது இடத்தில் ஏதாவது ஒன்பது எண்ணைத் தாறுமாறாகத் தட்டியிருக்கலாம். ஆனால் தாறுமாறாக ஒன்றைச் செய்வது என் இயல்பில் இல்லை.

“இது ஆபீஸ் லாப்டாப்,” என்றேன். “ஆபீஸ்ல எல்லா ஃபைலும் அப்படித்தான். முழு நொடிதான் எழுதும். தூள் எழுதாது.”

“அப்படியா? நான் கவனிச்சதில்லையே.”

“நீங்க கடிகாரத்தைப் பார்க்கிறீங்க. நான் ஃபைலைப் பார்க்கிறேன்.”

மருமகள் கொட்டாவி விட்டாள். “நாளைக்குத் திங்கக்கிழமை. அப்பா ஆபீஸ்ல போய்ப் பாருங்க. மாமா சொல்ற மாதிரி எல்லா ஃபைலும் சைபரா இருந்தா மாமாவோடதுதான் முந்தி. ஒரு ஃபைல்ல சைபர் இல்லாம இருந்தாலும் நீங்கதான் முந்தி. சரியா? பாப்பாவுக்குப் பசிக்குது, நான் போறேன்.”

எவ்வளவு தெளிவான பெண் பாருங்கள். ஒரு ஃபைல்கூட விட்டுப்போகக் கூடாது என்பதை அவளே சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் துப்புரவு வேலை செய்கிற அம்மாள் கதவைத் திறந்த கையோடு நான் உள்ளே போய்விட்டேன். “என்னய்யா, இவ்வளவு சீக்கிரம்?” என்று கேட்டார். “கொஞ்சம் தூசி தட்டணும்,” என்றேன். “அது என் வேலை,” என்றார். நான் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். ஃபைண்டிடம் எல்லா ஃபைலையும் கண்டுபிடிக்கச் சொன்னேன். கண்டுபிடித்த ஒவ்வொன்றையும், அது எந்த நொடியில் இருந்ததோ அந்த நொடியிலேயே, தூளைத் தட்டாமல் டச் செய்யச் சொன்னேன். ஒரு வரிக் கட்டளை. கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஊரின் அத்தனை குழாய்களும் மொட்டையடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. பார்க்க அழகாகவே இருந்தது.

நகல் எடுத்து வைக்கிற பெட்டியைக் கேட்கிறீர்களா? அதையும் செய்தேன். ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

இதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஒரு படத்தைத் திருத்திச் சேமித்தால், நம் இயந்திரம் முதலில் பழைய படத்தை ஒரு நகலாக எழுதும். அந்தக் கையோடு புதிய படத்தை எழுதும். இரண்டும் ஒரே நொடியில் முடிந்துவிடும். தூளில்தான் வித்தியாசம். காலையில் தோண்டுகிறவர்கள் வந்து கேட்கும்போது, இயந்திரம் பழைய நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஃபைண்டைக் கேட்கும்: இதைவிடப் புதியது எது? ஃபைண்ட் புதிய படத்தின் பெயரைச் சொல்லும். இயந்திரம் அதை அச்சடிக்கும். தூள் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே நேரம். ஃபைண்ட் சும்மா இருக்கும். பதில் இல்லை என்றால் கையில் இருப்பதையே அச்சடிக்க வேண்டும் என்று இயந்திரத்துக்கு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். நான் செய்ததிலேயே நல்ல ஏற்பாடு அது. ஒரு நாளும் தகராறு பண்ணியதில்லை.

ஆகவே அன்று காலையிலிருந்து ஊர் முழுக்கப் பழைய படத்தை வைத்துத்தான் தோண்டினார்கள்.

சம்பந்தி வந்தார். என் பின்னால் நின்றுகொண்டார்.

“மார்க்கெட் தெருவைக் காட்டுங்க,” என்றார். ஒன்பது சைபர்.

“ஆஸ்பத்திரிச் சந்து.” ஒன்பது சைபர்.

“நம்ம ஆபீஸ் வாசல்.” அதுவும்தான்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. தோற்றுப்போன வருத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. “சம்பந்தி,” என்றார், “என் கடிகாரம் எல்லாம் நொடிக்கு நொடி தாவுது. நடுவுல ஓடவே இல்ல. இத்தனை வருஷமா நான் பார்க்காம விட்டிருக்கேன். நேத்து உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே.”

“அதனால என்ன, விடுங்க,” என்றேன். மன்னிப்பதில் எனக்கு எப்போதும் தாராளம்தான். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

அவர் அன்று மதியத்திலிருந்து ஒவ்வொரு கடிகாரமாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு அலைந்தார். கம்ப்யூட்டர் கடிகாரத்துக்குச் சத்தம் கிடையாது. நான் சொல்லவில்லை. ஒருவர் தன் வேலையை ஈடுபாட்டோடு செய்யும்போது குறுக்கிடுவது நாகரிகம் இல்லை.

ஊரில் யாரும் சாகவில்லை. அதைத் தயவுசெய்து முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். நனைந்தார்கள், அவ்வளவுதான். இல்லாத குழாயைத் தேடி இருக்கிற குழாயை வெட்டினார்கள். வெட்டியதைக் கைக்கு எட்டிய வேறொன்றோடு பொருத்தினார்கள். நீச்சல்குளத்துத் தண்ணீர் தீயணைப்பு நிலையத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்தது. அவர்கள் வழக்கமாக அழைக்கிற அவசர நம்பரை அழைத்தார்கள். அது அவர்களுடைய நம்பர் என்பதால் பிஸியாக இருந்தது. சலவைக்கடையின் சோப்புத் தண்ணீர் என் மருமகளின் கிளினிக்குக்கு வந்தது. வாய் கொப்பளித்த ஒருவர் நுரையோடு எழுந்து நின்று, இந்த மருந்து ரொம்ப நன்றாக இருக்கிறது, வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுங்கள் என்றாராம். ரவுண்டானாவில் இருக்கிற நீரூற்று நம் மேனேஜரின் குளியலறையோடு சேர்ந்துவிட்டது. அவர் குழாயைத் திறந்தால் நீரூற்று நின்றுவிடும், மூடினால் பொங்கும். அவர் குளிக்கிற நேரம் ஊருக்கே தெரிந்துபோயிற்று. குளிக்காத நாள்களும் தெரிந்தன. ஒரு வாரம் முழுக்க நீரூற்று நிற்கவே இல்லை என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

தோண்டுகிற மேஸ்திரி சேறும் சகதியுமாக என் அறைக்கு வந்தார்.

“அண்ணே, படத்துல குழாய் இருக்குன்னு போட்டிருக்கிற இடத்துல தோண்டினா ஒண்ணுமில்ல. இல்லன்னு போட்ட இடத்துல தோண்டினா மூஞ்சியில அடிக்குது. இனிமே படத்தைத் தலைகீழாப் புடிச்சுக்கட்டுமா?”

“பிடிச்சுப் பாருங்க,” என்றேன்.

அதில் இன்னும் நாலு தெரு போயிற்று. யோசனை கேட்டவருக்கு யோசனை சொல்வதை ஒரு குற்றமாகச் சட்டம் கருதாது என்று நம்புகிறேன்.

இதற்கு நடுவில் வீட்டில் பெயர் விஷயம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மருமகள் கிளினிக்கில் நுரை அள்ளிக்கொண்டிருந்தாள். நேற்றுத்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பிறப்பைப் பதிகிற ஆபீஸில் பெயர் கொடுக்க நாளைதான் கடைசி. இன்று சாயங்காலம் எல்லோரையும் உட்கார வைத்து முந்திய ஃபைலைத் திறக்கப்போகிறாள். ஆகையால்தான் நேரமாகிறதே என்று அடிக்கடி சுவரைப் பார்க்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் ஒன்று கேட்க நினைக்கிறீர்கள். இத்தனை நாள் வாயைத் திறக்காதவன் இன்று தானாகவே ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று. மனசாட்சி என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

சம்பந்தி நேற்று உங்களிடம் வந்து எல்லாம் தன்னால்தான் என்று ஒப்புக்கொண்டாராமே. அவருடைய கடிகாரங்கள் நொடித் தூளைத் தொலைத்துவிட்டதால்தான் பழைய படம் வெளியே வந்தது என்று கண்டுபிடித்திருக்கிறார். கெட்டிக்காரர்தான். வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, லிஃப்டில் தனியாக ஏறிக் கீழே போனார் என்று கேள்விப்பட்டேன். என்னைக் கேட்காமல் லிஃப்டில் ஏறியதே முதல் வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம், நான் செய்ததை எனக்கு முன்னால் அவர் ஒப்புக்கொண்டது. செய்தவன் நான். ஒப்புக்கொள்வதிலும் நான்தானே முந்தியிருக்க வேண்டும். அவருடைய வாக்குமூலத்தை ஒரு ஃபைலில்தானே வைத்திருக்கிறீர்கள்? என்னுடையதை முடித்ததும் அந்தக் கம்ப்யூட்டரை ஒரு நிமிஷம் இப்படித் திருப்பினீர்களானால் போதும். வேறு எதையும் தொட மாட்டேன்.

முடியாது என்கிறீர்கள். சரி. கேட்டுத்தான் பார்த்தேன்.

இவ்வளவும் செய்து ஜெயித்த அந்தப் பெயர் என்ன என்றுதானே இப்போது கேட்டீர்கள்? பேனாவை மூடிவிட்டுக் கேட்டீர்கள். ஆகவே மனுஷியாகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

டச் கட்டளையில் ஒரு விசேஷம் உண்டு. இருக்கிற ஃபைலைத் தொட்டால் நேரம் மாறும். இல்லாத ஃபைலைத் தொட்டால் அந்தப் பெயரில் ஒரு ஃபைல் அங்கேயே பிறக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரு எழுத்துகூட இருக்காது. ஒரே ஒரு தட்டில் முடிந்துவிடும்; எழுதிச் சேமிப்பதைவிட வேகம். அன்றைக்கு நான் தட்டியது அதைத்தான். மூன்று மாதம் யோசித்தேன், எனக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அவளும் என்னைப் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றாது. முந்திவிட்டால் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லோரும் இடம் பிடிப்பது அப்படித்தானே, துண்டைப் போட்டுவிட்டு.

ஆனால் இன்று சாயங்காலம் ஒரு காலி ஃபைலைத் திறந்தால் மருமகள் என்ன நினைப்பாள்? பாவம், அவள் மனசு நோகக் கூடாது. ஆகவே இன்று மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெட்டியில் சம்பந்தியின் ஃபைலைத் திறந்து பார்த்தேன். பார்ப்பதால் திருத்திய நேரம் மாறாது. அதனால் அதைத் திறந்ததாகவே சொல்ல முடியாது. உள்ளே ஒரே ஒரு சொல் இருந்தது. நல்ல பெயர். ரொம்ப நல்ல பெயர். தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பாப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மூன்று மாதத்தில் என்னைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சொல்லை என் ஃபைலில் எழுதினேன். எழுதியதும் நேரம் இன்றைக்கு மாறிவிட்டது. தொட்டுப் பழையபடி வைத்தேன். அதே நாள், அதே நொடி, ஒன்பது சைபர்.

சாயங்காலம் என்னுடையதைத் திறப்பாள். சம்பந்தியுடையதைத் திறக்காமலே அழித்துவிடுவாள். நானும் இதே பேர்தானே எழுதினேன் என்று அவர் சொல்லலாம். நேற்று ஊரையே கெடுத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர் பேச்சை இன்று யார் நம்புவார்கள்? நான் மட்டும் நம்புவேன். நம்புவது மட்டும் இல்லை, அவருக்காகப் பரிந்து பேசவும் போகிறேன். பெரியவர், ஏதோ ஆசையில் என்னைப் பார்த்து எழுதிவிட்டார், இதைப் பெரிசு பண்ணாதீர்கள் என்று சொல்வேன். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இரண்டு ஃபைலின் நேரத்தையும் எடுத்துப் பாருங்கள், மேடம். என்னுடையதுதான் முந்தி.